எடை அசையாமல் நிற்கிறதா? சாப்பாட்டைக் குறைக்கும் முன் செய்ய வேண்டியவை

கலோரிக் கணக்கும் நடையும் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நிஜமாகவே நின்றுவிட்டதா?

என்னை ரொம்ப நாள் குழப்பியது இதுதான். உடலில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு தூக்கலாகச் சாப்பிட்டாலும், புதிதாகப் பயிற்சி தொடங்கித் தசை வலித்தாலும் நீர் தங்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரே இரவில் ஒரு கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வழியே இல்லை.

காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். 81.2, 80.6, 81.7 என்று எண் துள்ளிக்கொண்டே இருக்கலாம். சராசரி போன வாரம் 81.4, இந்த வாரம் 81.1 என்றால் எடை இறங்குகிறது, அவ்வளவுதான். நான்கு வாரம் சராசரி அசையாவிட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

இதற்கு ஆப் தேவையில்லை, ஸ்ப்ரெட்ஷீட் போதும். கொழுப்புச் சதவீதம் காட்டும் தராசுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உடலின் நீர் மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். இடுப்பை அளக்க ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எண்ணெயை அளங்கள்

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் கணக்கு எங்கேயோ போய்விடும். ஒரு வாரமாவது கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

படி 3: புது உடம்புக்குப் புதுக் கணக்கு

ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரியை மதிப்பிடும் மிஃப்ளின் சூத்திரப்படி, 10 கிலோ குறைந்தவருக்கு ஓய்வில் செலவாகும் சக்தியே நாளுக்கு 100 கலோரி குறைகிறது. நடையில் செலவாவதும் குறையும். சாப்பாட்டில் மேலும் கை வைப்பதைவிட நடையைக் கூட்டுவதே என் தேர்வு. தசை கரையாமலிருக்க எடைப் பயிற்சியும் புரதமும் கட்டாயம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 4: இறங்கியதைக் காப்பது

அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். எனவே இலக்கை எட்டிய பிறகும் தராசை மூட்டை கட்டாதீர்கள். சராசரி 2 கிலோ ஏறினால் உடனே படி 2-க்குத் திரும்புங்கள்.

பிறகு சேர்த்தது: நான்கு வாரக் கணக்கு மாதவிடாய் நாட்களில் குழம்புகிறது என்று சிலர் சொன்னார்கள். சரிதான், அப்போதும் நீர் தங்கும். சுழற்சியின் அதே வாரத்தைப் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையை ஏற்றும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.