மலையகத்தை வைத்து ஒரு துக்கமும் காதலும் உள்ள நாவல் எழுதுவது எப்படி

புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அவளைத் தாங்கிப் பிடிக்கும் தோழி, காலம் போய் இன்னொருவன் மேல் வரும் பிரியம். இந்தக் கதையை எழுத உட்காருகிறவர்கள் முதலில் லயத்துக் காம்பராவை, அதாவது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீட்டை, மனதில் கொண்டுவாருங்கள். பழைய காம்பரா பலதும் 10க்கு 12 அடிதான், பக்கத்தில் இருமினால் இங்கே கேட்கும். அதனால் "இரவெல்லாம் தனிமையில் கதறினாள்" என்று எழுதினால் தோட்டத்து ஆட்கள் நம்பமாட்டார்கள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டுதான் அழுவாள். விடிந்ததும் பக்கத்துக் காம்பராக்காரி ஒன்றும் கேட்காமல் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) ஒரு கோப்பை சாயத்தண்ணியை (பால் இல்லாத தேநீரை) வைத்துவிட்டுப் போவாள். தோழி அப்படித்தான் கதைக்குள் வரவேண்டும்.

சாவு வீடு, தப்பு மேளம், ஒப்பாரி எல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று, இரண்டு பக்கம் போதும். கருமாதி முடிந்து அவள் மறுபடி பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும் முதல் காலைக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். யார் முகம் பார்த்துப் பேசினார்கள், கொழுந்து எடுக்கும் நிரையில் யார் அவள் பக்கத்தில் நின்றார்கள், கொழுந்து நிறுக்கும்போது யார் சத்தத்தைக் குறைத்தார்கள். கொழுந்து எடுத்த மலைக்கு (தேயிலை நட்ட பகுதிக்கு) ஏறக்குறைய ஒரு வாரத்தில் திரும்பவும் போயாகவேண்டும், அது செத்த புருஷன் கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கத்தரித்த) மலை என்றால் அவளுக்குத் தப்பிக்க வழியே இல்லை. அந்தச் சுற்றையே நாவலின் நாட்காட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

நட்பை அலைச்சலில் காட்டுங்கள். செத்தவரின் சேமலாப நிதியை (சம்பளத்திலிருந்து சேர்ந்த ஓய்வுகாலப் பணத்தை) எடுக்க மரணச் சான்றிதழ், அடையாள அட்டை, கலியாணப் பதிவு என்று தாள் மேல் தாள் கேட்பார்கள், ஒன்றில் முத்துசாமி, இன்னொன்றில் முத்தையா என்று இருந்தால் ஹட்டன் டவுனுக்கும் தோட்டத்துக்கும் நடையாய் நடக்கவேண்டும். கூடப்போகிற தோழிக்கும் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும். இவள் வேண்டாம் என்பாள், தோழி கேட்கமாட்டாள்.

"நீ மலைக்குப் போ புள்ள, நா பாத்துக்கிறேன்."

"பேசாம பஸ்ஸுல ஏறு."

இவ்வளவு போதும், அதற்கு மேல் விளக்கவேண்டாம்.

இனி காதல். புதியவனை உயர்த்துவதற்காகச் செத்தவனைக் குடிகாரனாகவோ அடிக்கிறவனாகவோ ஆக்காதீர்கள், தயவுசெய்து. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். அப்போதுதான் அவளுடைய தவிப்புக்குக் கனம் வரும். புதியவன் அவனோடு வேலை செய்தவனாக, அவன் பேரைத் தயங்காமல் சொல்கிறவனாக இருந்தால் இன்னும் நல்லது. மாமியார் அதே காம்பராவில் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், லயத்து வாய் சும்மா இருக்காது. தடை தேடி வெளியே போகவேண்டிய தேவையே இல்லை.

கதையில் இரண்டு மாசி மாதம் வரட்டும், சிவன் காமனை எரித்த கதையைத் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்துக்காகத்தான் சொல்கிறேன். காமன் எரிந்து அவன் மனைவி ரதி புலம்பும்போது, முதல் வருஷம் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவள் வாய்விட்டு அழலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் கூத்தில் காமனை எழுப்பிவிடுவார்கள், இவள் புருஷன் எழுந்து வரமாட்டான். இந்த இடத்தைத் தாண்டி ஓடாதீர்கள். அடுத்த மாசியில் அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

எழுதி முடித்ததும், கொழுந்து எடுக்கிற ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். "நாங்க இப்பிடிப் பேசமாட்டோமே" என்று அவர் நிறுத்தும் வரிகளைத் திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.