கோயில் சுவரில் வரிக்கணக்கை வாசிப்பது எப்படி? நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுசீந்திரம் முதல் பார்த்திவபுரம் வரை நம் கோயில் சுவர்களில் பழைய வரிக்கணக்கு வரிவரியாகக் கிடக்கிறது. எழுத்து கூட்டத் தெரிந்தாலும் கணக்குப் பிடிபடாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். இல்லையென்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். சுண்ணக்கட்டி, எண்ணெய், மாவு எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். மைப்படி, அதாவது எழுத்தின் மேல் தாளை ஒற்றி மையால் பிரதி எடுக்க அனுமதி வேண்டும்.

பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இராது. 'வெலி' என்றிருந்தால் அது வேலி என்ற நில அளவு. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் பகரமும் வகரமும் ஒன்றுபோலத் தெரியும், சொல்லை முழுதாகக் கூட்டிய பிறகே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஆண்டு. 'கொல்லந்தோன்றி' என்று தொடங்கினால் அது கொல்லம் ஆண்டு, கி.பி.க்கு மாற்ற ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். கொல்லம் 420 சித்திரை என்றால் 1245. அடுத்து இடம். 'ராஜராஜப் பாண்டி நாட்டு உத்தமசோழ வளநாட்டு நாஞ்சில் நாட்டு' என்று பெரிதிலிருந்து சிறிதாக இறங்கி, கடைசியில்தான் ஊர் வரும்.

இனி நிலம். கணக்கு தடுக்குவது இங்கேதான். ஒரு வேலிக்கு 20 மா. பின்னங்களில் மா 1/20, முக்காணி 3/80, காணி 1/80, முந்திரி 1/320. முன்னால் 'கீழ்' வந்தால் அதற்குப் பின் வருவதை மறுபடி 320ஆல் வகுக்க வேண்டும். கீழ்முந்திரி என்பது 1/1,02,400. 'கீழ்' என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் அந்தப் பின்னம் 320 மடங்கு பெருகிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் மொத்த நிலத்தைச் சொன்னதும் ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப்போன வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாவற்றையும் கழிக்கிறார்கள். அது 'இறையிலி நீங்கு நிலம்', அதாவது வரியில்லாமல் நீக்கிய நிலம். மீதிக்குத்தான் வரி. சுடுகாட்டைக்கூட அளந்து கழித்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் மதிக்கத் தோன்றுகிறது.

அங்கே வேலிக்குச் சுமார் 100 கலம் நெல் வரியாக விழுகிறது. கலம் என்பது நெல் அளவு. அதை வைத்துப் போட்டுப் பாருங்கள். நிலம் 'அரையே இரண்டு மா முக்காணி' என்று வைத்துக்கொள்வோம். 1/2, 1/10, 3/80 மூன்றும் சேர்ந்து 51/80 வேலி. நெல் 63¾ கலம். ஒரு கலம் மூன்று தூணி, அதாவது 12 குறுணி. முக்கால் கலம் 9 குறுணி. கல்லில் இது 'அறுபத்து முக்கலனே இருதூணிக் குறுணி' என்று வரும். கணக்கு ஒட்டவில்லை என்றால் ஒரு பின்னத்தைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள், சுவருக்குத் திரும்பிப் போங்கள்.

நெல் அளக்கும் மரக்காலின் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். தஞ்சையில் ராஜகேசரி என்ற மரக்காலுக்கு ஒத்த ஆடவல்லான் மரக்கால். நம் பக்கம் நெல்லுக்குக் கோட்டை, அது 21 மரக்கால். நிலத்துக்கும் கோட்டை விதைப்பாடு, அதாவது ஒரு கோட்டை விதை விதைக்கும் பரப்பு என்ற அளவு உண்டு. மேற்கே போனால் நாலு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. ஓரூர் மரக்காலை இன்னோரூர் கணக்கில் போட்டாலோ, எல்லாவற்றையும் லிட்டராக்கினாலோ விடை கெட்டுவிடும்.

வரிப்பெயர்களில் இன்றைய பொருளை ஏற்றாதீர்கள். கடமை என்பது நிலவரி. வெட்டி, கூலியில்லா வேலை. உல்கு, சுங்கம். தறியிறை நெசவாளர் தறிக்கு, செக்கிறை செக்குக்கு. கொல்லம் நகரத்தின் கி.பி. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஈழவர்மேல் விழுந்த ஏணிக்காணம், தலைக்காணம் என்ற வரிகளிலிருந்து விலக்கு தரப்படுகிறது. மரமேறும் ஏணியும் ஆளின் தலையும் வரிக்கு அடிப்படையாக இருந்தது அந்தப் பெயர்களிலேயே தெரிகிறது.

'இறையிலி' என்றதும் உழுதவனுக்கு வரி நீங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். தேவதானமானால், அதாவது கோயிலுக்குக் கொடுத்த நிலமானால், அரசனுக்குப் போன பங்கு கோயிலுக்குத் திரும்பியது, அவ்வளவுதான். சில இடங்களில் ஊர்ச்சபை மொத்தமாகக் காசு வாங்கிக்கொண்டு, அந்த நிலத்தின் வரியை ஆண்டுதோறும் தானே கட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கும். ஆகவே யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார் பொறுப்பேற்றார் என்ற மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொண்டு, அதன் பிறகே 'வரி நீக்கம்' என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.