புளி, எண்ணெய், ஈரம்: ஃபிளாட்டில் இயற்கைப் பொருள் போடுபவர்கள் மறப்பவை

ஃபிளாட் கைக்கு வந்ததும் காரைக்குடி வீட்டுப் படங்களைக் காட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பவர்கள் அதிகம். ஆத்தங்குடித் தரை, சுண்ணாம்புச் சுவர், பிரம்பு நாற்காலி. ஆசை நல்லதுதான். ஆனால் அந்த வீடுகளுக்கு முற்றமும் காற்றும் உண்டு, மேலே இன்னொரு குடும்பத்தின் பாத்ரூம் கிடையாது.

பெரிய தப்பு அடுக்களையில்தான் நடக்கிறது. கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்புக் கல் வகை. புளி கரைக்காத நாள் நம் வீட்டில் ஏது? எலுமிச்சைச் சாறு சொட்டிச் சற்று நேரம் நின்றாலே வெளிறிய தடம் விழும். கல்லே அரிபட்டுவிட்டதால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச்சு அடித்தால் எண்ணெய் இறங்குவது குறையும், புளிப்பிடம் அதன் ஜம்பம் பலிக்காது. மேடைக்குக் கிரானைட் போடுங்கள். கடப்பா ஆசையை அலமாரித் தட்டுகளில் தீர்த்துக்கொள்ளலாம். எந்தக் கல்லானாலும் கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, புளித்தண்ணீர், நல்லெண்ணெய், மஞ்சள் மூன்றையும் தடவி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்.

அடுத்தது தரை. உடைக்கும் செலவை மிச்சம் பிடிக்க, பழைய டைல்ஸ் மேலேயே கல் பதிக்கிறார்கள். 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. அடியில் 40 மி.மீ. கலவை போட்டால் இன்னும் 7 கிலோ. ஆட்கள், மேசை, கட்டில் எல்லாவற்றுக்குமாகக் குடியிருப்புத் தளத்துக்கு இந்தியத் தரநிலை கணக்கில் எடுக்கும் பாரமே சதுர அடிக்குச் சுமார் 19 கிலோதான். பொறியாளரைக் கேட்காமல் மேஸ்திரி பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தரை உயர்ந்தால் எல்லாக் கதவுக்கும் அடியை அறுக்க வேண்டிவரும் என்பது தனிக்கதை.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட் ஊற்றிச் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. வண்ணம் மேலே மெல்லிய படலமாகத்தான் இருக்கும். மெஷின் பாலிஷ், ஆசிட் இரண்டும் அதைத் தின்றுவிடும். பாத்ரூம் கழுவும் பாட்டிலை ஹாலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெயின்ட், தச்சு வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பதிப்பதே புத்திசாலித்தனம்.

சுண்ணாம்புப் பூச்சு, பழைய எமல்ஷன்மேல் சரியாகப் பிடிக்காது. காரை தெரியும்வரை சுரண்டத்தான் வேண்டும். அதற்கும் முன்னால் மேல்வீட்டுக் கசிவை அடைக்க வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தைக்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனவர்கள் அறிவார்கள்.

மூங்கிலும் பிரம்பும் பால்கனிச் சாரலில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மூங்கில் தட்டி வாங்கும்போது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்ததா என்று கேளுங்கள். அடியில் மாவு மாதிரி உதிர ஆரம்பித்தால் வண்டு உள்ளே குடியேறியாகிவிட்டது.