க்னோசோஸ் இடிபாடுகளைப் பார்வையிடும் முறை

கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள பழங்கால அரண்மனையான க்னோசோஸுக்குச் செல்பவர்கள், கண்ணைப் பறிக்கும் செந்நிறத் தூண்களைப் பிறகு பார்த்துக்கொண்டு, மேற்குப் பகுதியின் நீண்ட சேமிப்பறைகளிலிருந்து தொடங்க வேண்டும். 1878-இல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர் வணிகர் தோண்டியபோது பெருந்தாழிகள் வெளிப்பட்டது இங்கேதான். 1900-இல் அகழ்வைத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸின் பெயரே நிலைத்துவிட்டதால், கலோகைரினோஸை நினைவுகூர்வது நம் கடமை என்றே கருதுகிறேன். தாழிகளின் வயிற்றில் கயிறு சுற்றியதுபோல் ஓடும் புடைப்பு வரிகளைக் கவனித்துவிட்டு, கற்களில் படிந்துள்ள கரிய தீத்தடத்தைத் தேடுங்கள்.

அடுத்து, பழங்கல்லையும் கான்கிரீட்டையும் பிரித்தறியுங்கள். மேல்தளங்களில் பெரும்பகுதி எவன்ஸ் எழுப்பியது.

கிரீட்டின் அரண்மனை நாகரிகத்தின் வீழ்ச்சியை ஒரே காரணத்தில் அடக்கிவிடாதீர்கள். கிரீட்டுக்கு வடக்கே உள்ள தேரா (சாண்டோரினி) தீவின் எரிமலை வெடித்ததோடு எல்லாம் முடிந்தது என்பார்கள். ஆனால், தீவின் பிற அரண்மனைகள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, கி.மு. 1450 அளவில்தான் அழிந்தன. தப்பிப் பிழைத்த க்னோசோஸில் பின்னர் எழுதப்பட்ட களிமண் பலகைகளின் மொழி கிரேக்கம் என்று 1952-இல் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்ட்ரிஸ் கண்டறிந்ததால், ஆட்சி கிரேக்கர் கைக்கு மாறியிருந்தது என்று கொள்ளலாம். அதற்கு முன் கிரீட்டில் வழங்கிய, லீனியர் ஏ எனப்படும் எழுத்தின் பொருள் இன்னும் விளங்கவில்லை. ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் அக்களிமண் பலகைகளின் முன் சற்று நேரம் நில்லுங்கள்.