மைன்ஸில் வேலை பார்த்த அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் முன்

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரி 28. அன்றோடு கீழே இறங்குவதை நிறுத்தியவருக்கு இன்று மூச்சு வாங்கினால், "மைன்ஸை விட்டுத்தான் இத்தனை வருஷம் ஆச்சே, வயசுக் கோளாறு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடாதீர்கள். இங்கே தங்கம் இருந்தது குவார்ட்ஸ் கல்லுக்குள். அதைத் துளைத்தபோது பறந்த சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. வேலையை விட்ட பிறகும் அந்தத் தழும்பு வளரும். இதுதான் சிலிக்கோசிஸ். 1940களில் இங்குள்ள தொழிலாளர்களைப் பரிசோதித்தபோதே நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது.

என் அப்பா இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கல் துளைக்கும் டிரில்லர். ஒரு ஆஸ்பத்திரியில் சளியில் கிருமி தெரியாமலேயே மறுபடி மறுபடி டிபி மாத்திரை கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கிளம்பும் முன் ஒரு தாளில் வேலை விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

"சுரங்கத் தொழிலாளி" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மைன், கீழே இறங்கிய குழி எந்த ஷாப்ட், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை. கல் துளைக்கும் ஜாக்ஹாமர் பிடித்தாரா, வெடி வைத்தாரா, உடைந்த கல்லை அள்ளினாரா, மேலே மில்லில் கல் அரைத்தாரா? துளைக்கும்போது தண்ணீர் விட்டார்களா, காய்ந்த கல்லிலேயே துளைத்தார்களா? வெடி போட்டபின் புகை அடங்குவதற்குள் உள்ளே போகச் சொன்னார்களா? அப்பாவுக்கு வருஷம் நினைவில்லாவிட்டால் அவரோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். "ராக் பர்ஸ்ட் ஆனப்ப நீ எந்த லெவல்ல இருந்தே?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். (ராக் பர்ஸ்ட் என்றால் சுரங்கத்துக்குள் பாறை அழுத்தத்தில் திடீரென்று வெடித்துச் சிதறுவது.) பீடி, சிகரெட் பழக்கத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் நம் அப்பாக்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். வேறு மாதிரி கேளுங்கள். போன வருஷம் நிற்காமல் கடைக்குப் போனார், இப்போது வழியில் எங்கே நிற்கிறார்? என் அப்பா பாதி மேட்டில் நின்று, தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மூச்சைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரியும். டாக்டரிடம் அதைத்தான் சொன்னேன்.

பழைய எக்ஸ்ரே பிலிம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய படத்தை விட, பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் அதிகம் சொல்லும். டாக்டரிடம் நேராகவே கேட்கலாம்: "சிலிக்கோசிஸ் இருக்குமா சார்? ஐஎல்ஓ மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பீங்களா?" ஐஎல்ஓ என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு; தூசி நோயை அளவிட அது தந்த மாதிரி எக்ஸ்ரேக்கள்தான் அந்தப் படங்கள். நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஊதிப் பார்க்கும் டெஸ்டும் தேவை. உள்ளூரில் முடியாவிட்டால், மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூரு. அங்கே அரசு நடத்தும் ராஜீவ் காந்தி மார்பு நோய் மருத்துவமனை இருக்கிறது.

அதற்காக டிபி இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. சிலிக்கா தங்கிய நுரையீரலில் டிபி சுலபமாகப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எடை குறைந்தால், ராத்திரி காய்ச்சல் வந்தால், சளியில் ரத்தம் தெரிந்தால் உடனே சளி டெஸ்ட். டிபி உறுதியானால், சிலிக்கோசிஸ்காரருக்கு மருந்து வழக்கத்தைவிட நீளும். உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

தழும்பை ஆற்ற மருந்து இல்லை. "முழுசாக் குணமாக்குறேன்" என்று காசு கேட்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். பீடியை விடச் சொல்லுங்கள். ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். விறகுப் புகையிலிருந்தும், காற்று அடிக்கும் நாளில் சைனைடு மேட்டிலிருந்து வரும் தூசியிலிருந்தும் அவரைத் தள்ளி வையுங்கள். மேடு ஏறும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினால் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

அப்புறம் காகிதங்கள். சிலிக்கோசிஸ் சட்டப்படி இழப்பீட்டுக்குரிய தொழில் நோய். சர்வீஸ் சர்டிபிகேட், பிஎஃப் சீட்டு, பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு என எது இருந்தாலும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மனு போடக் கால வரம்பு உண்டு, தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டவும் வழி உண்டு. தாலுகா இலவச சட்ட உதவி மையத்தில் போய்க் கேளுங்கள். டாக்டர் நோயின் பெயரைச் சீட்டில் எழுத்தில் தர வேண்டும், வாயால் சொன்னது எங்கேயும் செல்லாது. அவர் காலமாகிவிட்டாலும் எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். இறப்புக்கான காரணத்தை எழுதும் டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டி, சிலிக்கோசிஸையும் குறிப்பிடச் சொல்லுங்கள். அம்மா பிறகு இழப்பீடு கேட்க நேர்ந்தால் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.