புது பிராண்டு கட்டைகள் லெகோவோடு பொருந்துமா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் 1958-இல் பதிவு செய்த கட்டையின் காப்புரிமை முடிந்து பல காலமாகிறது. அதே அளவில் இன்று யாரும் கட்டை செய்யலாம். போலந்தின் கோபி (Cobi) நிறுவனம் அப்படித்தான் செய்கிறது. மனித உருவங்கள் விஷயம் வேறு. லெகோ உருவத்தின் வடிவத்துக்கு ஐரோப்பாவில் வணிகச் சின்னப் பாதுகாப்பு இருக்கிறது.

முதலில் சின்ன செட் ஒன்று வாங்குங்கள். 2×4 கட்டைகள் (மேலே இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு குமிழ்கள் உள்ளவை) பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் குமிழை விட்டு அளந்தால் 96 மி.மீ. வர வேண்டும். அடுத்து லெகோ பேஸ்பிளேட்டில் (குமிழ்கள் உள்ள அடித்தட்டில்) ஐந்து கட்டைகளை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்து அழுத்துங்கள். முக்கியமான சோதனை இதுதான். நான்கு குமிழுக்கு இடம் 32 மி.மீ., கட்டையின் நீளமோ 31.8. அந்த 0.2 மி.மீ. இல்லாவிட்டால் கட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் ஒன்று லேசாக மேலெழும். விரலால் தடவினாலே தெரியும். அப்படிப்பட்ட செட்டைப் பெரிய சுவருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பிடிமானத்தை உடனே முடிவு செய்ய வேண்டாம். இருபது முறை மாட்டிக் கழற்றியபின் தலைகீழாக உலுக்கிப் பாருங்கள். புதிதில் இறுக்கமாக இருப்பது தளர்ந்துவிடக்கூடும்.

உருவங்களின் கையில் 3.2 மி.மீ. கம்பிதான் போகும். தடித்த வாளைத் திணித்தால் கை விரிசல் விடும். வெள்ளையும் சாம்பலும் பிராண்டுக்கு பிராண்டு மாறும், கலப்பதென்றால் உள்சுவரில் வையுங்கள்.

இந்தியாவில் வாங்கினால் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.