ஷார்ட் போகும் முன் சார்ட்டில் குறிக்க வேண்டியவை

பங்கை முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கிக் கணக்கை முடிப்பதுதான் ஷார்ட். பங்கை நேரடியாக வாங்கி விற்கும் கேஷ் பிரிவில் இதை அன்றைக்கே முடித்தாக வேண்டும். மறுநாள் வரை வைத்திருக்க ஃபியூச்சர்ஸ், அதாவது பின்தேதி ஒப்பந்தம், வேண்டும். அதில் ஒரு லாட்டின் (குறைந்தபட்சத் தொகுதியின்) மதிப்பே பல லட்சம். எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நட்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொன்னது. ஆகவே இங்கே கேஷ் பிரிவு மட்டும்.

மண்டபத்திலும் தொண்டியிலும் இறால் விலை சரிந்தால், இறால் ஏற்றுமதி நிறுவனப் பங்கை ஷார்ட் அடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கரையில் விலை குறைந்தால் நிறுவனத்துக்கு மூலப்பொருள் மலிவு. பங்கு ஏறவும் கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை ஏறக்கூடிய உச்ச வரம்பு. எஃப் அண்ட் ஓ பட்டியலில் இல்லாத பங்கு அதில் பூட்டிக்கொண்டால் விற்க ஆள் இருக்காது. நம்மால் திரும்ப வாங்க முடியாது. விற்ற பங்கு ஏலத்துக்குப் போய், விலை வித்தியாசமும் அபராதமும் நம் தலையில் விழும். எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள பங்கை மட்டும், அதையும் கேஷ் பிரிவிலேயே எடுங்கள். நிறுவனத்தின் காலாண்டு ரிசல்ட் வரும் நாளில் அதையும் தொடாதீர்கள்.

முந்தைய நாள் மாலையே டெய்லி சார்ட்டைத் திறந்து பாருங்கள். உச்சிகளும் அடிகளும் படிப்படியாக இறங்க வேண்டும்; விலை 50 நாள் சராசரிக்குக் கீழே இருக்க வேண்டும். சப்போர்ட் (விலை இறங்காமல் தாங்கி நின்ற இடம்) உடைந்த நாளில் வால்யூம், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, 20 நாள் சராசரியைத் தாண்டியிருக்க வேண்டும். விலை ஓட்டத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் ஆர்எஸ்ஐ ஏற்கெனவே 30-க்குக் கீழே போயிருந்தால் விட்டுவிடுங்கள், இறக்கத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

உடைந்த அன்றே பாய்ந்து விற்பதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. உடைந்த இடத்துக்கு விலை திரும்பி வரும்வரை காத்திருங்கள். 500 ரூபாய் சப்போர்ட் உடைந்து 485 வரை போய், மறுபடி 500 பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிட சார்ட்டில் 503 வரை தொட்டுவிட்டு, குறைந்த வால்யூமில் சிவப்பு கேண்டிலாக (தொடங்கிய விலைக்குக் கீழே முடியும் கட்டமாக) முடிகிறது. அதன் அடி 496.50. அது உடைந்து 496-க்கு வந்தால் விற்கலாம். ஸ்டாப் லாஸ், அதாவது விலை எதிராக ஏறினால் நட்டத்தோடு வெளியேறும் இடம், 500-இல் அல்ல, அங்கே எல்லோருடைய ஆர்டரும் குவிந்திருக்கும். 503-ஐத் தாண்டி 504. லாபத்தோடு முடிக்கும் டார்கெட், டெய்லி சார்ட்டின் அடுத்த சப்போர்ட்டான 476.

குவான்டிட்டியை (எத்தனை பங்கு என்பதை), மார்ஜின் வசதியில் புரோக்கர் எவ்வளவு தருகிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் முதலீடு 1,00,000 ரூபாய் என்றால் ஒரு டிரேடில் இழக்கலாம் என்பது 1%, அதாவது 1,000 ரூபாய். ஸ்டாப் லாஸ் ஆர்டரில் டிரிக்கர் (ஆர்டர் உயிர்பெறும் விலை) 504, லிமிட் (அதிகபட்சம் வாங்கும் விலை) 506 என்று போடுவோம். கணக்கு 506-இல் இருந்துதான்: பங்குக்கு 10 ரூபாய், ஆக 100 பங்கு. 504-ஐ வைத்துக் கணக்கிட்டு 125 பங்கு விற்றவர், 506-இல் வெளியேறும்போது 1,250 இழப்பார். விலை 506-ஐயும் தாண்டிப் பாய்ந்தால் லிமிட் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும். உடனே மார்க்கெட் விலைக்கு வாங்கிவிடுங்கள்.

முதல் 15 நிமிடமும், பிற்பகல் 2.30-க்குப் பிறகும் புது ஷார்ட் வேண்டாம். பல புரோக்கர்கள் 3.15-ஐ ஒட்டித் நம் ஷார்ட்டைத் தாங்களே முடித்துவிடுவார்கள். சந்தைக் குறியீடான நிஃப்டி முந்தைய நாள் உச்சியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தாலும் விடுங்கள். விலை 486 வந்தால் பாதியை வாங்கி, மீதிக்கு ஸ்டாப் லாஸை 496-க்கு இறக்குங்கள். அந்த ஆர்டரின் குவான்டிட்டியையும் 50 ஆக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். ஸ்டாப் லாஸை மனதில் வைத்திருந்தால் போதாது. விற்ற அடுத்த நொடியே ஆர்டராக எக்ஸ்சேஞ்சில் கிடக்க வேண்டும். புரோக்கரின் டீலிங் எண்ணையும் உங்கள் கிளையன்ட் ஐடியையும் தாளில் எழுதி வையுங்கள். ஆப் திறக்காவிட்டால் போனில் முடிக்கலாம். டார்கெட்டில் வாங்கி முடித்ததும் அந்த ஸ்டாப் லாஸ் ஆர்டரை மறக்காமல் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் விலை திரும்பி ஏறும்போது அது நிறைவேறி, நீங்கள் கேட்காத புதுப் பங்கு கணக்கில் வந்து உட்காரும்.